ஒரே நாளில் முடிகிற கரண்ட்டுக்கு ஏன் பத்து நாள்?

நம் காலனிகளில் யாரும் கதிர்வீச்சு சிகிச்சை என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். அடுத்த கேள்வி, "எத்தனை நாளைக்கு?" பத்து நாள் என்று பதில் வந்தால் வீட்டில் வேறு கணக்கு ஓடத் தொடங்கும். பத்து முறை போய்வரும் செலவு, துணைக்குப் போகிறவரின் பத்து நாள் கூலி, அதற்குள் வந்து நிற்கும் குழுக் கடன் தவணை. நிலம் உள்ளவர் கால் காணியை அடமானம் வைப்பார். நம்மிடம் வைக்க என்ன இருக்கிறது? பல வீடுகளில் நான்காம் நாளோடு போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே நான் பேசுவது எலும்புக்குப் பரவிவிட்ட புற்றுநோயில், வலியைக் குறைப்பதற்காக வைக்கும் கரண்ட்டைப் பற்றி மட்டும். நோயைக் குணப்படுத்தக் கொடுக்கும் கதிர்வீச்சு வேறு. அது பல வாரம் நடக்கும், அதில் ஒரு நாளும் தவறவிடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் எலும்புக்குப் போவது அதிகம். முதுகெலும்பு, இடுப்பு, தொடை, விலா என்று இறங்கி எலும்பை அரிக்கும். ராத்திரியில் புரண்டு படுக்க முடியாத வலி அது. வலிக்கிற இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் நூற்றுக்கு அறுபது பேருக்காவது வலி குறைகிறது. அந்தக் கதிர்வீச்சைப் பத்து நாளாகப் பிரித்து 30 கிரே கொடுக்கலாம், ஐந்து நாளில் 20 கிரே கொடுக்கலாம், ஒரே நாளில் ஒரே முறையாக 8 கிரே கொடுத்தும் முடிக்கலாம். கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.

எது மேல்? மருத்துவ உலகம் இதை நன்றாகவே சோதித்துப் பார்த்துவிட்டது. நெதர்லாந்தில் 1,171 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. அமெரிக்காவில் 898 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வந்தது. இரண்டிலும் ஒரே முறை கொடுத்தவர்களுக்கும் பல முறை கொடுத்தவர்களுக்கும் வலி குறைந்ததில் வித்தியாசம் இல்லை. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் அதே முடிவுதான்.

ஒரு வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரே நாள் கொடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது பேர் அளவுக்குப் பிறகு அதே இடத்தில் இரண்டாம் முறை கரண்ட் வைக்க வேண்டியிருந்தது. பல நாள் கொடுத்தவர்களில் அது எட்டுப் பேர். ஆக, ஐந்தில் ஒருவர் இன்னொரு தடவை போக வேண்டியிருக்கலாம். பத்து நாள் பயணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. அவரிடம் இந்தக் கணக்கு சொல்லப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்து மருத்துவர்கள் எல்லாரும் பத்து நாள்தான் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில் முடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது நோயாளியின் அதிர்ஷ்டத்தையும் அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் மருத்துவரையும் பொறுத்து மாறுவதுதான் என் புகார். படித்தவர், வசதியானவர் எதிரில் உட்கார்ந்து, "டாக்டர், இதையே ஒரே சிட்டிங்கில் முடிக்க முடியுமா?" என்று கேட்டுவிடுவார். நடவு நட்டே முதுகு வளைந்த அம்மா வெள்ளைக் கோட்டிடம் எதிர்க்கேள்வி கேட்டு வளர்ந்தவர் இல்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்து மகனிடம் அழுவார்.

நம் ஆட்களிடமே ஒரு சந்தேகம் எழும் என்று தெரியும். "ஏழைன்னு ஒரு நாளோட முடிச்சு அனுப்பிட்டாங்களா?" இந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எப்போதும் குறைத்தே வாங்கிப் பழகியவர்களுக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் இது ஏழைக்கென்று அளந்த ரேஷன் அல்ல. அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர்களின் சங்கமே 2013இல், எலும்பு வலிக்குப் பத்து முறைக்கு மேல் கொடுப்பதை வழக்கமாக்காதீர்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. கனடாவின் டொராண்டோவில் 1996 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. காலையில் வருகிறவரைப் பார்த்து, திட்டமிட்டு, முடிந்தவரை அன்றைக்கே கதிர்வீச்சும் கொடுத்து அனுப்புவதுதான் அதன் நோக்கம். பணம் உள்ள நாட்டிலேயே நோயாளியின் நாளுக்கு மதிப்பு உண்டு என்றால், நாள் கூலிக்காரரின் நாளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்! இன்னொன்று, ஒருவருக்குப் பத்து நாள் ஓடும் இயந்திரத்தில் பத்துப் பேர் வலி குறைந்து வீடு திரும்பலாம்.

எல்லாருக்கும் ஒரு நாள் போதும் என்றும் இல்லை. முறியும் நிலையில் இருக்கும் தொடை எலும்புக்கு முதலில் கம்பி வைக்க வேண்டியிருக்கலாம். முதுகெலும்பு நசுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் அது அவசரம், அதற்கு வேறு திட்டம். மருத்துவர் அப்படிச் சொன்னால் காரணத்தைக் கேட்டுக்கொண்டு ஒத்துழைக்க வேண்டும்.

அந்த அவசரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பெண்களின் முதுகு வலியை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. நடவு, களை, செங்கல் சூளை, சித்தாள் வேலை என்று உழைத்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று வீடும் சொல்லும், ஊசி போடுகிறவரும் சொல்வார். அவரும் அப்படியே நம்புவார். தைலம் தேய்த்து, இரண்டு ஊசி போட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். மூன்று வருடத்துக்கு முன் மார்பில் ஆபரேஷன் ஆனதை யாரும் இந்த வலியோடு சேர்த்து யோசிப்பதில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒருவருக்குப் புதிதாக முதுகு வலி வந்து, படுத்தால் கூடுகிறது, ராத்திரியில் எழுப்புகிறது என்றால் அதை உழைப்பின் வலி என்று விடாதீர்கள். கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடந்து போகிறவரைக் கதிர்வீச்சு நடந்தபடியே வைத்திருக்க வாய்ப்பு அதிகம். கால் முழுதாக விழுந்த பிறகு போனால் திரும்ப நடப்பது அரிது.

கரண்ட் வைத்த அன்றே வலி போய்விடாது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். முதல் சில நாள் சிலருக்கு வலி கூடும். இதைச் சொல்லாமல் அனுப்புவதால்தான் "கரண்ட் வச்சும் கேக்கல" என்று வைத்தியத்தையே கைவிடுகிறார்கள். அந்த இடைக்காலத்துக்கு மார்ஃபின் மாத்திரை வேண்டும். விலை குறைந்த மருந்துதான். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் கிடைக்காமல் இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். ஆனாலும் காலனி வரை அது வந்து சேர வேண்டுமே! 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் அடக்கம். உங்கள் தெருவுக்கு அந்தச் செவிலியர் வருகிறாரா என்று கேளுங்கள்.

செஞ்சிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வர ஒரு பகல் சரியாகப் போய்விடும். பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும், போகும் வழிக்கும் போன கூலிக்கும் இல்லை. 108 அவசரத்துக்கு வரும், முன்கூட்டித் தேதி குறித்த கதிர்வீச்சுக்கு வராது. அரித்துப்போன முதுகெலும்போடு ஷேர் ஆட்டோவில் குலுங்கிப் போவது எப்படி இருக்கும் என்று அதிகாரிகள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். பிரசவமான தாயை வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இருக்கிறதே, அதுபோல் ஒன்றை இவர்களுக்கும் விட என்ன தடை?

பணம் இல்லை என்ற பதில் இந்த விஷயத்தில் செல்லாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நம் மக்கள் நூற்றுக்கு 29 பேர். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்து, தங்குமிடம், இழந்த கூலி ஆகியவற்றை அந்த நிதியில் சேர்க்கச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். எலும்பு வலிக்கு முதலில் ஒரே நாள் சிகிச்சை, வேறு தேவை இருந்தால் காரணத்தைச் சீட்டில் எழுதுவது என்று அரசு மருத்துவமனைகளுக்குச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதுங்கள். அது வருகிற வரைக்கும், துணைக்குப் போகிற பிள்ளைகள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டாக்டர், ஒரே நாளில் முடிக்க முடியுமா? முடியாதென்றால் ஏன்?"