பத்தாவது பாட்டோடு முடிகிறது

சித்தி மகனுக்குப் பத்தொன்பது வயசு. போன மாதம் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: "அண்ணே, நீங்க சொன்ன ஜெஃப் பக்லி ஆல்பம் கேட்டேன். கிரேஸ். செமயா இருக்கு. அதுல ஃபர்கெட் ஹர்தான் டாப்பு."

எனக்குச் சுருக்கென்றது. "அது அந்த ஆல்பத்துல கிடையாதுடா" என்றேன். அவன் கைப்பேசியை நீட்டினான். இருந்தது. பத்தாவது பாட்டான ட்ரீம் பிரதருக்கு நேர் கீழே, அதே எழுத்தில், அதே அட்டைப்படத்தின் கீழே.

"இருக்குல்ல? அப்புறம் என்னண்ணே?"

அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. ரொட்டி சானாய் ஆறிப்போனதுதான் மிச்சம். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஜெஃப் பக்லி உயிரோடு இருக்கும்போது முடித்து வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றே ஒன்றுதான். 1994 ஆகஸ்ட்டில் கொலம்பியா வெளியிட்ட கிரேஸ். பத்துப் பாட்டு. ஃபர்கெட் ஹர் அந்தப் பத்தில் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது. பாடி, பதிவு செய்து, எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கும் பிடித்திருந்தது. பக்லி வேண்டாம் என்றார். குழுவில் புதிதாகச் சேர்ந்த கிதார்காரரோடு சேர்ந்து எழுதிய சோ ரியலை அதற்குப் பதிலாக வைத்தார். 1997 மே 29 அன்று மெம்பிஸில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். முப்பது வயது. 2004இல், ஆல்பத்தின் பத்தாம் ஆண்டை ஒட்டி, 'லெகசி எடிஷன்' என்று ஒன்று வந்தது. அதன் இரண்டாவது தட்டில் முதல் பாட்டு எது? அவர் வேண்டாம் என்ற அதே பாட்டு.

தட்டாக இருந்தவரைக்கும் ஒரு மரியாதை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். முதல் தட்டு முடியும், சத்தம் நிற்கும், எழுந்துபோய் மாற்ற வேண்டும். அந்த எழுந்துபோகும் நேரம் ஒரு சுவர் மாதிரி. ஸ்ட்ரீமிங்கில் அந்தச் சுவரும் போய்விட்டது. அப்பா இல்லாமல் வளர்ந்த ஒருவன், அப்பாவாகப் போகும் நண்பனிடம் 'என் அப்பன் செய்ததை நீ செய்துவிடாதே' என்று கெஞ்சும் பாட்டு ட்ரீம் பிரதர். அதோடு ஆல்பம் முடிய வேண்டும் என்று பக்லி முடிவு செய்தார். இன்றைக்கு அந்தப் பாட்டு அடங்கிய இரண்டாவது நொடியில், அவர் தூக்கிப்போட்ட காதல் முறிவுப் பாட்டு ஆரம்பிக்கிறது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். எங்கள் வேலையில் டிராயிங் என்பது கோடுகள் மட்டுமில்லை, கீழே இருக்கும் கையெழுத்தும்தான். ஒரு துளையை அரை மில்லிமீட்டர் நகர்த்துவதென்றாலும் ரிவிஷன் எண் மாற வேண்டும், யார் மாற்றினார் என்று பெயர் வர வேண்டும். மாற்றியது நல்ல மாற்றமாகவே இருக்கலாம். பிரச்சினை அதில்லை. நீ மாற்றிவிட்டு என் கையெழுத்தை அப்படியே விட்டுவைத்தால் அதற்குப் பெயர் வேறு. போனஸ் பாட்டில் நடப்பது இதுதான். மாற்றியவர் ஒருவர், அட்டையில் பெயர் இன்னொருவருடையது.

போனஸ் பாட்டு என்ற வழக்கமே எங்கிருந்து தடித்தது என்று பாருங்கள். ஜப்பானில் உள்ளூர் சிடியின் சில்லறை விலையை வெளியிடும் நிறுவனமே நிர்ணயிக்கலாம், கடைக்காரர் குறைக்க முடியாது. அதனால் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் அதே சிடி அங்கே மலிவு. உள்ளூர்ப் பதிப்பை யார் வாங்குவார்? அதற்காக ஒரு பாட்டு, இரண்டு பாட்டு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆல்பத்தின் கடைசியில் என்ன வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது இசை இல்லை, சரக்குக் கணக்கு. நிர்வானாவுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 1993இல் இன் யூட்டரோ வந்தபோது அமெரிக்காவுக்கு வெளியே விற்ற சிடியில் ஒரு உபரிப் பாட்டு இருந்தது. அதை அவர்கள் அட்டையில் குறிப்பிட்ட விதம்: 'மதிப்பிழந்த அமெரிக்க டாலர் கொள்முதல் ஊக்கப் பாட்டு'. அதுவும் கடைசிப் பாட்டுக்குப் பிறகு நீண்ட மௌனம் விட்டுத்தான் வரும். கம்பெனி கேட்டதைக் கொடுத்தார்கள், இது எதற்காக இங்கே இருக்கிறது என்று வாங்குபவனிடமும் சொல்லிவிட்டார்கள். இதுவரை வந்ததில் நேர்மையான போனஸ் பாட்டு இதுதான் என்பேன்.

கம்பெனி கைவைத்தாலே எல்லாம் நாசம் என்று நான் சொல்ல வரவில்லை. பீட்டில்ஸின் ரப்பர் சோல் இங்கிலாந்தில் 14 பாட்டு. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் நான்கை உருவி, பழைய ஆல்பத்திலிருந்து மிஞ்சிய இரண்டைச் செருகி, 12 பாட்டாக விற்றது. அந்த வெட்டிய பதிப்பைக் கேட்டு அசந்துபோய்த்தான் பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் பெட் சவுண்ட்ஸ் செய்தார். ஆனால் பீட்டில்ஸ் உயிரோடு, பலத்தோடு இருந்தார்கள். சண்டை போட முடிந்தது. 1967 வாக்கில் அந்த வெட்டு நின்றது. 1987இல் சிடி வந்தபோது அவர்கள் அடுக்கிய வரிசையே உலகம் முழுக்க நிலைத்தது. செத்தவன் எப்படிச் சண்டை போடுவான்?

இந்தக் கதையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கிரேஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பாட்டு ஹல்லேலூயா. எழுதியவர் லியோனார்ட் கோஹென். பாட வருவதற்கு முன்பே கவிதைத் தொகுப்பும் நாவலும் போட்ட ஆள், ஆக நம் கட்சி. அந்தப் பாட்டு இடம்பெற்ற வேரியஸ் பொசிஷன்ஸை 1984இல் அமெரிக்காவில் வெளியிட மறுத்த கம்பெனி எது தெரியுமா? இதே கொலம்பியா. பிறகு ஒரு சிறிய நிறுவனம் மூலம்தான் அங்கே வந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பாட்டைக் காப்பாற்றியது ஒரு பத்திரிகை. பிரான்சில் லேஸ் ஆன்ரொக்குப்தீப்ல் என்ற இசைப் பத்திரிகை 1991இல் கோஹெனுக்கு அஞ்சலியாக ஐம் யுவர் ஃபேன் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. ஆர்.ஈ.எம்., பிக்ஸீஸ், நிக் கேவ் எல்லாம் பாடினார்கள். ஜான் கேல் ஹல்லேலூயாவை எடுத்துக்கொண்டு கோஹெனிடம் வரிகளைக் கேட்க, ஃபேக்ஸில் பக்கம் பக்கமாக வந்து கொட்டியதாம். அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, வெறும் பியானோவோடு பாடினார். அதைக் கேட்டுத்தான் பக்லி பாடினார். பக்லி பாடியதை வெளியிட்டது யார்? மறுபடியும் கொலம்பியா.

நாலு வருஷம் கழித்து ஏ அண்ட் எம் நிறுவனம் டவர் ஆஃப் சாங் என்று இன்னொரு கோஹென் அஞ்சலி போட்டது. எல்டன் ஜான், ஸ்டிங், பில்லி ஜோயல். போனோ ஹல்லேலூயா பாடினார். ஒரு தடவை கேளுங்கள், போதும். பெரிய பெயர்களை வரிசையாக நிற்கவைத்தால் அஞ்சலி ஆகிவிடும் என்ற நினைப்பு. பத்திரிகைக்காரர்களுக்கோ கோஹென் மேல் பைத்தியம், அவ்வளவுதான்.

கவனியுங்கள், கேல் கோஹெனின் தட்டில் கைவைக்கவில்லை. தன் பெயரில், தன் குரலில், வேறு தட்டில் பாடினார். கோஹெனின் பதிவு அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.

இதைப் படிக்கும் இலக்கியக்காரர்கள் இந்நேரம் காஃப்காவைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். 'எரிக்கச் சொன்னதை மாக்ஸ் பிராட் எரித்திருந்தால் விசாரணை நாவல் ஏது?' சரிதான். பிராட் எரிக்காததற்கு நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் அவர் 1925இல் விசாரணையைத் தனி நூலாக, முடிவடையாத நாவலாகத்தான் கொடுத்தார். 1915இல் காஃப்காவே வெளியிட்ட உருமாற்றத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால், காஃப்கா கிழித்துப்போட்ட நாலு பக்கத்தை ஒட்டி 'சிறப்புப் பதிப்பு' என்று விற்கவில்லை. அப்படி விற்றிருந்தால் நாமே தெருவில் இறங்கியிருப்போம். பாட்டென்றால் மட்டும் ஏன் 'ரெண்டு பாட்டு அதிகம், லாபம்தானே' என்கிறோம்? கவிதைத் தொகுப்பின் கடைசிக் கவிதை எது என்று கவிஞன் மண்டையை உடைத்துக்கொள்வதை நம்புகிற நாம், பாடகன் அதே வேலையைச் செய்திருப்பான் என்று நம்புவதில்லை.

பக்லி விஷயத்திலேயே சரியாகச் செய்ததும் இருக்கிறது. இரண்டாவது ஆல்பத்துக்கு மை ஸ்வீட்ஹார்ட் தி ட்ரங்க் என்று பெயர் யோசித்து வைத்திருந்தார். டாம் வெர்லேனோடு பதிவு செய்தவை திருப்தியில்லை, மறுபடி செய்யலாம் என்று நினைத்திருந்தபோதுதான் போனார். 1998இல் அந்தப் பதிவுகளும் வீட்டில் தனியாகப் பதிந்த நாடாக்களும் வந்தபோது, தலைப்பின் முன்னால் 'ஸ்கெட்சஸ் ஃபார்' என்று சேர்த்திருந்தார்கள். இவை கோட்டுருவங்கள், முடிந்த ஓவியம் இல்லை என்று அட்டையே சொல்கிறது. அவருடைய அம்மா அதற்காகக் கம்பெனியோடு மல்லுக்கட்டியவர். பிற்பாடு வந்த வெளியீடுகளும் அவர் சம்மதத்தோடு வந்தவைதான் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மகனுடைய குரல் எத்தனை கிடைத்தாலும் போதாது, அவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஃபர்கெட் ஹரை இதே மாதிரி தனித் தட்டாக, 'பக்லி வேண்டாம் என்ற பாட்டு' என்று எழுதி விற்றிருந்தால் முதல் ஆளாக நான் வாங்கியிருப்பேன். ஆமாம், அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கும் ஒவ்வொரு தடவையும், இதை ஏன் வேண்டாம் என்றார் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. ரேடியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மற்ற பத்தும் அப்படி இல்லை.

அன்று ராத்திரி பத்துப் பாட்டை மட்டும் வரிசையாக அடுக்கித் தம்பிக்கு ஒரு பட்டியல் அனுப்பினேன். கடைசியில் வேறு எதுவும் தானாக ஓடாதபடி அமைப்பை மாற்றிவைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். நடுராத்திரி தாண்டி மெசேஜ் வந்தது.

"முடிஞ்சிருச்சுண்ணே. ஹெட்ஃபோனைக் கழட்டாம சும்மாவே உக்காந்திருக்கேன்."

ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று: "இப்ப ஃபர்கெட் ஹர் தனியா கேக்கலாமா?"

"கேளுடா" என்றேன்.