ஆவணம் தமிழில், அலுவலகம் ஆங்கிலத்திலா?

சட்டம் பயின்று வெளிவரும் தமிழிளைஞர்க்கு வணிகச் சட்ட நிறுவனங்களின் கதவு ஏன் திறப்பதில்லை என்னும் கேள்வியை இத்திங்கள் எழுப்புகின்றோம். "அவர்க்கு ஆங்கிலம் போதாது" என்று உடனே விடை வரும். அவ்விடையை அப்படியே விழுங்க நாம் அணியமாயில்லை.

1891இல் தொடங்கப்பெற்ற சென்னைச் சட்டக் கல்லூரி, நூற்றாண்டுக்கும் மேலாக உயர்முறைமன்றத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்த மாணவன் சில அடி நடந்தால் வழக்குரை கேட்கலாம். மூத்தவர் ஒருவரின் அறைவாயிலில் நின்று இடம் கேட்கலாம். 2018இல் அக்கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பெற்று, ஒன்று புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்று திருவள்ளூரையடுத்த பட்டறைப்பெரும்புதூருக்கும் பெயர்க்கப்பட்டன. கட்டடம் புதிது, இடம் அகன்றது. ஆயின் உயர்முறைமன்றமோ ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. தந்தையோ உறவினரோ வழக்குரைஞராயிராத வீட்டுப் பிள்ளைக்கு இது சிறு இழப்பன்று.

இதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையருகே, கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டை. அதற்கு மேற்கே தேர்வாய்க் கண்டிகைத் தொழிற்பேட்டை. நிலம் வாங்குவது முதல் நிலுவை தண்டுவது வரை அங்கே எல்லாவற்றுக்கும் வழக்குரைஞர் வேண்டும். ஆயினும் அப்பணி பக்கத்திலுள்ள மாணவனுக்கு எட்டுவதில்லை. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தொடர்வண்டியில் போக வேண்டுமாயின் சென்னைவரை வந்து தடம் மாற வேண்டும். தொழிலகத்தின் ஆவணங்களும் அப்படியே சென்னைக்குப் போய், ஆங்கிலச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்புகின்றன!

வணிகச் சட்ட நிறுவனத்தில் சேரும் இளையர் முதலிரண்டு ஆண்டில் செய்வது என்ன? மன்றத்தில் எழுந்து முழங்குவதன்று. ஒப்பந்த வரைவுகளைச் சரிபார்த்தல், நிறுவனப் பதிவேடுகளைப் புரட்டல், எல்லாவற்றினும் மேலாக நிலத்தின் உரிமை மூலத்தை ஆய்தல். தொழிலகத்துக்கு நிலம் வாங்குவோர்க்கும், அதன்மேல் கடன் தரும் வங்கிக்கும், முப்பதாண்டு ஆவணங்களைப் படித்து, விற்பவர்க்கு அந்நிலம் உரியதுதானா என்று கருத்துரை எழுதித் தர வேண்டும். அவ்வாவணங்கள் எம்மொழியில் உள்ளன? விலையாவணம், பங்குப் பிரிவு ஆவணம், பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று யாவும் தமிழிலேயே உள்ளன. (வேற்றுச் சொல் விரவிய தமிழ்தான். அதைக் களைவது வேறொரு போர்.) நத்தம், மேய்க்கால், ஓடைப் புறம்போக்கு என்னும் சொற்களில் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் தலையெழுத்தையே மாற்றும். தேர்வாய்க் கண்டிகையில் மேய்க்கால் நிலம் தொழிற்பேட்டைக்குக் கொடுக்கப்பட்டபோது ஊரார் திரண்டெழுந்து போராடியது எதற்காக? அச்சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்ததனாலன்றோ!

பஞ்சமி நிலத்தை எண்ணிப் பாருங்கள். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் வழியே, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணை 1892இல் பிறந்தது. இன்றைய திருவள்ளூர், பொன்னேரிப் பகுதிகள் அன்று அம்மாவட்டத்தினவே. அந்நிலம் அம்மக்களல்லாத பிறர் கைக்குப் போகலாகாது என்னும் கட்டுப்பாடு உண்டு. பழம்பதிவேட்டின் ஓரத்தில் கிடக்கும் அக்குறிப்பைப் படிக்கத் தெரியாத வழக்குரைஞர், பல கோடி உருபா முதலீட்டைப் பள்ளத்தில் தள்ளுவார். அதனினும் கொடிது, ஓர் ஏழைக் குடும்பத்தின் உரிமையை அறியாமலே அழிப்பார்.

ஆகவே தமிழறிந்த இளையர் இன்றி இத்தொழில் ஓரடியும் நகராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்று படி வாங்குபவர் அவர்; மூலத்தைப் படித்துப் பொருள் சொல்பவரும் அவரே. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிடுபவர் வேறொருவர். உழைப்பும் அறிவும் ஒருவருடையவை. பெயரும் பொருளும் மற்றொருவருடையவை. இதற்குப் பெயர் தகுதியா?

சட்டம் இவ்வாறு கேட்கிறதா என்று பார்த்தால், இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கீழ்முறைமன்றங்களின் மொழி தமிழ் என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. வணிக முறைமன்றச் சட்டம் 2015இல் வந்தது. ஒரு கோடி உருபாவாக இருந்த வழக்கின் கீழெல்லை 2018இல் மூன்று இலக்கமாகக் குறைக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் உதிரி உறுப்புச் செய்யும் சிறு பட்டறைக்காரரின் நிலுவை வழக்கும் இன்று வணிக வழக்கே. அச்சட்டத்திலும் தமிழுக்குத் தடையில்லை.

தடை மேலே இருக்கிறது. உயர்முறைமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று அரசமைப்பின் 348ஆம் பிரிவு சொல்கிறது. குடியரசுத் தலைவர் இசைந்தால் வேறு மொழியும் வரலாம் என்பதும் அப்பிரிவே. இராசசுத்தானத்துக்கு 1950இலும், உத்தரப் பிரதேசத்துக்கு 1969இலும், மத்தியப் பிரதேசத்துக்கு 1971இலும், பீகாருக்கு 1972இலும் இந்திக்கு இசைவு கிடைத்தது. தமிழுக்காகத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானமோ தில்லியில் மறுக்கப்பட்டது. இந்திக்கு ஒரு நயன், தமிழுக்கு ஒரு நயனா?

வணிகம் தமிழுக்குப் புதிதென்பார்க்கு ஒன்று சொல்வோம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், கப்பல்கள் செலுத்த வேண்டிய பொன் பற்றிய தம் முடிவை 1088இல் சுமத்திராவின் பாரூசில் தமிழிலேயே கல்லில் வெட்டினர். முறைமன்றத் தீர்ப்புகளை மாயூரம் வேதநாயகனார் 1862 அளவிலேயே தமிழில் தந்துவிட்டார்.

ஆங்கிலம் கற்காதே என்று எவரையும் நாம் தடுக்கவில்லை. வெளிநாட்டு முதலாளியின் ஒப்பந்தத்தில் எந்த வரியில் கண்ணி இருக்கிறதென்று காண அதை நன்றாகவே கற்க வேண்டும். நாம் கேட்பது, தமிழில் வரையும் பயிற்சியும் அதனோடு தரப்பட வேண்டும் என்பதே. ஒப்பந்தத்தை இருமொழியிலும் எழுதி, ஐயம் எழுந்தால் தமிழ் வாசகமே செல்லும் என்று ஒரு கூறு சேர்ப்பதற்கு எந்த அரசின் இசைவும் வேண்டியதில்லை. மூத்த வழக்குரைஞரின் துணிவு போதும்.

அத்துடன் கூலியும் வேண்டும். இளம் வழக்குரைஞர்க்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 உருபாவும், பிற இடங்களில் 15,000 உருபாவும் குறையாமல் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர்முறைமன்றம் 2024 சூன் திங்களில் கூறியது. "தொழில் கற்றுக்கொடுக்கிறோம், அதுவே கூலி" என்று இன்னும் சொல்லும் மூத்தவர், தம் வீட்டுப் பிள்ளையை அக்கூலிக்கு அனுப்புவாரா? பசித்தவன் தமிழ் காப்பான் என்று எதிர்பார்ப்பது நமக்கும் அழகன்று.

தொழிலாளி பக்கமும் ஒரு பணி காத்திருக்கிறது. தொழிலகத்தின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் வாயிலருகே பலகையில் வைக்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு அச்சட்டத்தை அகற்றி, எம்மொழி என்பதை விதிகளின் கையில் விட்டுவிட்டது. பிழைக்க வந்த வடபுலத்துத் தொழிலாளிக்கும் தன் மொழியில் அறியும் உரிமை உண்டு. அதைக் காட்டித் தமிழை வாயிலிலிருந்து கழற்ற விடலாகாது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் எந்தெந்த வாயிலில் தமிழ்ப் பலகை நிற்கிறது, எங்கே இல்லை என்று நேரில் பார்த்து, பட்டறைப்பெரும்புதூர் மாணவர்களும் பொன்னேரி, திருவள்ளூர் மன்றங்களில் பயிலும் இளையரும் நமக்கு எழுதுக. வரும் இதழ்களில் வெளியிடுவோம்.