அரிசிக்கு வரி, ஆலைக்குச் சலுகை

மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய, 1939-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அன்று விரித்த வலை இன்றும் விரிகிறது. சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-இல் வந்தது. 2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்ற வணிகப் பெயர் இல்லாவிட்டாலும், பொதியிட்டுச் சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கும் 5 விழுக்காடு வரி என்றார்கள். உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! மொத்தமாக வாங்க வசதி உள்ளவன் தப்பினான். கைக்காசுக்கு ஏற்ப 5 கிலோ பை வாங்கியவன் அகப்பட்டான்.

வரியை விரிப்பதே கொடுமை என்போர் நம் மன்றத்தில் உண்டு. நான் அக்கட்சியில் இல்லை. பலர் கொடுத்தால் விகிதம் குறைய வழியுண்டு. அந்தப் பணம் எங்கே வேலையாக முளைக்கிறது என்பதே என் கேள்வி.

நண்பர்களே, எங்கள் கோலார் தங்கவயலைப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28-உடன் பாரத தங்கச் சுரங்கத்தின் வேலை நின்றது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை பிளந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். இருட்டிய பின்பே வீடு திரும்புகிறார்கள். அரிசியும் சோப்பும் வாங்குவது மட்டும் ஆண்டர்சன்பேட்டையில். சரக்கு சேவை வரி நுகரும் இடத்தைச் சேர்ந்த வரி. ஆகவே அதில் மாநிலப் பங்கைத் தங்கவயல் தவறாமல் செலுத்திக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் ஆலைக்குத் தந்த சலுகை அது கட்டிய வரியை ஒட்டியிருந்தது. இப்போதோ வெளிமாநிலத்துக்கு விற்ற சரக்கின் வரி வாங்கிய மாநிலத்துக்குப் போவதால் அம்முறை பொருந்தவில்லை. ஆகவே கர்நாடகத்தின் 2020-25 தொழிற்கொள்கை விற்றுமுதலை அளவாகக் கொண்டது. பெங்களூருக்கு வெளியே கூடுதல் சலுகை என்றது. நோக்கம் நல்லதே. ஆனால் எந்திரமே ஓடும் ஆலைக்கும் ஐந்நூறு பேர் உழைக்கும் ஆலைக்கும் விற்றுமுதல் ஒன்றானால்? வேலைவாய்ப்புக்கு நிபந்தனை இருந்தது, மறுக்கவில்லை. தொகையைத் தீர்மானித்தது அதுவன்று. சோதனைச்சாலையில் வெப்பத்தை அறியத் தராசைத் தூக்குவோமா?

மேலும், பெங்களூருக்கு வெளியே என்றால் போதுமா? கோலார் மாவட்டத்திலேயே நரசாபுரமும் மாலூரும் தலைநகரை ஒட்டி ஆலைகளைப் பெற்றன. தங்கவயலும் அதே மாவட்டந்தான்.

சலுகையைக் கூலியின்மேல் கணக்கிடட்டும். வருங்கால வைப்பு நிதியில் பதிவான கூலி போதும். அந்த வட்டத்தில் குடியிருப்போருக்குக் கொடுத்த கூலிக்கு இரட்டிப்புச் சலுகை தரட்டும். பொய்க்கணக்கு எழுதுவார்களே என்பீர்கள். விற்றுமுதலில் எழுத முடியாதா? இங்கே பொய் எழுதவும் ஒவ்வொரு பெயருக்கும் மாதந்தோறும் பணம் கட்டியாக வேண்டும்.

சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நிலம் கைமாறுமுன் இந்த நிபந்தனை எழுத்தில் ஏற வேண்டும். மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். எதிர்ப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.