தேதி தெரியாதவர்களிடம் வசூலிக்கும் வரி

2017ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்நாடு அரசு பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கட்டணங்களை மாற்றியது. பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட முதல் ஆண்டுக்கு 2 ரூபாயாக இருந்தது 100 ரூபாய் ஆனது. அடுத்து தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 ரூபாய் என்பதும் 100 ஆனது. சான்றிதழ் நகலுக்கு 5 ரூபாய், 200 ஆனது. ஓராண்டு கடந்த தாமதப் பதிவுக்கு 10 ரூபாய், 500 ஆனது. பால் விலை ஏறினால் மறியல் நடக்கிறது. பேருந்துக் கட்டணம் ஏறினால் கல்லூரி வாசலில் கூட்டம் கூடுகிறது. இந்த ஐம்பது மடங்கு உயர்வு இரண்டொரு நாள் செய்தியாக வந்துவிட்டுப் போய்விட்டது.

ஏன் போய்விட்டது? சான்றிதழைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. இந்தக் கட்டணம் யாரைக் கடிக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் தாத்தா இறந்த தேதி உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே ஆண்டைத் தேட 100, நகலுக்கு 200, ஆக 300 ரூபாயில் வேலை முடிந்தது. தேதி தெரியவில்லை. "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடி, பெரிய பஞ்சம் வந்ததுக்கு அப்புறம்" என்று ஆயா சொல்கிறார். அந்த இடைவெளி 20 ஆண்டு என்றால் தேடுவதற்கு மட்டும் 2,000 ரூபாய். நகலோடு சேர்த்து 2,200. பழைய விதியில் இதே தேடலுக்கு 45 ரூபாய்தான் ஆகியிருக்கும். 2017-18இல் நூறு நாள் வேலையின் தினக்கூலி தமிழ்நாட்டில் 205 ரூபாய். அதாவது ஒரு மூதாதையின் மரணத்தைத் தேட ஏறக்குறைய 11 நாள் முழுக் கூலி. அதுவும் தேடிய பிறகு பெயர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "பதிவு இல்லை" என்று எழுதித் தரும் சான்றுக்கும் விதியில் தனிக் கட்டணம் உண்டு.

ஆக, தேதி தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஏழு மடங்கு விலை. இதைச் சேவைக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது? தேதி தெரியாதவர்களிடம் வசூலிக்கும் வரி என்றுதான் நான் சொல்வேன்.

தேதி தெரியாதவர்கள் யார்? பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்துக் காலனிகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அவர்களுடைய அப்பா எந்த ஆண்டில் இறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். தேதி வராது, கதை வரும். ஊருக்குள் இருக்கும் நிலக்காரக் குடும்பத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள். பத்திரம், பாகப்பிரிவினை, திதி கொடுக்கும் நாள் என்று எங்காவது எழுதியிருப்பார்கள். நம் தாத்தாக்களுக்கு ஞாபகம் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. எழுதும் கோல் யார் கையில் இருந்தது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கிற விஷயம்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்பைப் பதிய 1899இலேயே சட்டம் வந்தது. கிராமத்தில் அந்தப் புத்தகம் பரம்பரை மணியக்காரர் கையில் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்து கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவரும் வரை நிலைமை இதுதான். ஊரில் எழவு விழுந்தால் அந்தச் சேதியைச் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்கள் நம் ஆட்கள். ஆனால் சேரியில் விழுந்த எழவைப் புத்தகத்தில் ஏற்றுவது எழுதுகிறவரின் மனசைப் பொறுத்தது. ஏற்றினாலும் குப்பன், முனியன், சின்னப்பையன் என்று ஒரே பெயரில் ஒரே காலனியில் மூன்று பேர் இருப்பார்கள். குழந்தை என்றால் பெயரே இருக்காது, "ஆண்", "பெண்" என்பதோடு முடிந்துவிடும். சாதிப் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல்தான் "ஆதிதிராவிடர்" என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றது. அதற்கு முந்தைய ஏடுகளில் நம் முன்னோர்களைத் தேட வேண்டுமானால் நாம் வெறுக்கிற சொற்களின் கீழ்தான் தேடியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதிவு எங்கே கிடக்கிறது என்பது. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நம் பக்கத்து ஆட்கள் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களுக்கும் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் பிழைக்கப் போனவர்கள். போன இடத்தில் செத்தவரின் பெயர் பாப்பிரெட்டிப்பட்டி ஏட்டில் இருக்காது. தர்மபுரி 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு எல்லாம் சேலம். கிராமத்தின் பழைய புத்தகங்களைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் வேறு இடத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொரு கதவிலும் ஆண்டுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

"குடும்ப வரலாறு தேடுவது வசதி உள்ளவனின் பொழுதுபோக்கு, அதற்கு ஏன் அரசு மானியம் தர வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அது நிலம், சாதிச் சான்று, ஓட்டு.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணை 1010தான் பஞ்சமி நிலங்களின் வேர். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைக்கு ஒரு இளைஞர் பழைய 'அ' பதிவேட்டைக் கண்டுபிடித்து, "இதோ என் பாட்டனின் பெயர்" என்று காட்டினால், "இவர் உன் பாட்டன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே முதல் கேள்வி. வாரிசுச் சான்று வேண்டும். அதற்கு இறப்புச் சான்று வேண்டும். அது இல்லை என்றால், "பதிவு இல்லை" என்ற சான்றை வாங்கிக்கொண்டு தாமதப் பதிவுக்காக அரூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். இப்படி மூன்று தலைமுறைக்கு நடக்க வேண்டும். பத்திரத்தைப் பார்க்கலாம் என்றால் வில்லங்கச் சான்றும் ஆண்டுக் கணக்கில்தான் கட்டணம் கேட்கிறது. போதாததற்கு 2023 ஜூலையில் பதிவுத்துறையும் கட்டணங்களை உயர்த்தியது. ரசீது ஆவணத்துக்கு 20 ரூபாய் 200 ஆனது. குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை, விடுதலை ஆவணங்களுக்கான அதிகபட்சப் பதிவுக் கட்டணம் 4,000இலிருந்து 10,000 ஆனது. இரண்டு உயர்வுகளும் இரண்டு வேறு கட்சிகளின் ஆட்சியில் வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது சாதிச் சான்று. பழங்குடி மக்களின் சான்றைச் சரிபார்க்கும்போது தாத்தா, பாட்டி காலத்து ஆவணம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்குக் கூடுதல் சான்று மதிப்பு உண்டு என்று ஆனந்த் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சித்தேரி மலையில் 1947க்கு முன்பு பிறந்த ஒருவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? கேட்பதும் அரசு, அன்றைக்கு எழுதாமல் விட்டதும் அரசு, இன்றைக்குத் தேடக் காசு வாங்குவதும் அரசு.

ஓட்டும் இதில் வந்து சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 4 முதல் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், 2002-2005 காலப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர், உறவினர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இருபது ஆண்டு பின்னோக்கிப் போவதற்கே எத்தனை பேர் திணறினார்கள் என்பதைப் படிவம் நிரப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போன தோழர்கள் அறிவார்கள்.

ஆவணம் இல்லாமல் போவதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று இதே தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சாதி வெறிக் கும்பல் எரித்துச் சூறையாடியது. வீட்டோடு சேர்ந்து ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் எரிந்தன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1992 ஜூன் 20 அன்று, வாச்சாத்தியில் பழங்குடி மக்களின் வீடுகளை நொறுக்கிப் பெண்களைச் சிதைத்தவர்கள் அரசு ஊழியர்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 215 பேரில் வனத்துறையும் காவல்துறையும் மட்டும் இல்லை, 5 பேர் வருவாய்த்துறையினர். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சான்றிதழ் வழங்குகிற துறையும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் தன் குடும்பத்தின் பழைய பதிவைத் தேடி வந்தால் ஆண்டுக்கு நூறு ரூபாய் கேட்பது என்ன நியாயம்?

"இப்போது எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே" என்பது அடுத்த பதில். உண்மைதான். அண்மை ஆண்டுகளில் பதிவானவற்றைக் கட்டணம் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, வரவேற்போம். ஆனால் அது இன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்கு. நாம் தேடுவது 1950களில் காலனியில் செத்த கிழவியை. புதியவை இலவசம், பழையவைக்கு ஆண்டுக் கணக்கில் கட்டணம் என்றால், ஏற்கெனவே எழுதப்பட்டவர்களுக்குச் சலுகை, எழுதப்படாதவர்களுக்குத் தண்டனை என்றுதான் முடியும்.

பழைய ஏட்டில் தேட ஊழியருக்கு நேரம் ஆகும், அதற்குக் கட்டணம் வேண்டும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்படியானால் ஏட்டைப் படமெடுத்து வையுங்கள், நாங்களே தேடிக்கொள்கிறோம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா எல்லாம் இருக்கின்றன. இன்று அதைக் கணினியில் ஏற்றிக் காசு வாங்காமல் காட்டுகிறார்கள். ஆள் கணக்கு வைப்பதற்காகத் தோட்ட முதலாளிகளின் காலத்தில் எழுதிய ஏடு பேரப்பிள்ளைகளுக்குத் திறந்து கிடக்கிறது. சொந்த மண்ணில் இருந்தவனின் ஏடு பூட்டிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் சான்றிதழ் விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் சான்று மதிப்பு இல்லாத, வெறுமனே பார்த்துக்கொள்வதற்கான படத்தை அங்கே சான்றிதழின் விலையில் ஒரு சிறு பங்குக்குத் தருகிறார்கள். நம் அரசு அதையாவது செய்யலாமே.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எவர் வேண்டுமானாலும் பதிவைத் தேடச் சொல்லலாம், நகல் பெறலாம் என்கிறது. கட்டணத்தை மட்டும் மாநில விதிக்கு விட்டிருக்கிறது. எனவே இதற்கு டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. சென்னைக் கோட்டையிலேயே மாற்றலாம். நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, ஆண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கை ஒழித்து, எத்தனை ஆண்டு தேடினாலும் ஒரே சிறு கட்டணம் என்று ஆக்க வேண்டும்.

இரண்டு, பதிவு கிடைக்கவில்லை என்றால் தேடல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். "பதிவு இல்லை" சான்று இலவசமாக வேண்டும்.

மூன்று, வன்கொடுமையில் வீடும் ஆவணமும் இழந்த ஊர்களுக்கும், பஞ்சமி நிலம் மற்றும் சாதிச் சான்றுக்காகத் தேடும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கும் முழு விலக்கு வேண்டும்.

நான்கு, பழைய பிறப்பு இறப்பு ஏடுகளையும் 'அ' பதிவேடுகளையும் படமெடுத்துத் தாலுகா அளவில் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இது நடக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் மட்டுமல்ல, பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். மனுவுக்கு 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. "தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தால் 8(3)ஆம் பிரிவைக் காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பழைய வாக்காளர் பட்டியலையும் முதலில் பாருங்கள். அவை தேடலை இருபது ஆண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டாகச் சுருக்கிவிடும். மிக முக்கியம், காலனியில் இருக்கும் பெரியவர்களிடம் இந்த மாதமே உட்காருங்கள். எந்த வெள்ளம், எந்தத் தேர்தல், வாணியாறு அணை கட்டுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் கதைக்குள்தான் தேதி இருக்கிறது.

பத்து மாணவர்கள் சேர்ந்தால் ஒரு காலனியின் நான்கு தலைமுறைப் பெயர்களை ஒரு கோடை விடுமுறையில் தொகுத்துவிடலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போவோம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் 2,200 ரூபாய் கட்டுவதை விட, ஊராகப் போய் "எங்கள் ஏட்டைத் திற" என்று கேட்பதற்குப் பலம் அதிகம்.