முதியோர் இல்லமும் ஒரு வினாத்தாளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களிலே பெற்றோரைப் பிள்ளைகளே இறுதிவரை வைத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கு. 1983ஆம் ஆண்டின் பின் நேர்ந்த இடப்பெயர்வுகளும் கடல் கடந்த வாழ்வும் அவ்வழக்கைத் தளர்த்திவிட்டன. மகன் கனடாவில், மகள் இலண்டனில், தாய் மட்டும் இங்கே. இந்நிலையில் முதியோர் இல்லம் பலருக்குப் புகலிடமாயிற்று. இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 1981ஆம் ஆண்டில் நூற்றுக்கு 7 பேரளவில் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அத்தொகை 12ஐத் தாண்டிற்று. ஆதலின், பெற்றோரை அங்கே விடலாமா என்று வாதிடுவதினும், அங்கே அவர்களை எவ்வாறு பார்க்கிறார்கள் என்று ஆராய்வதே இன்று வேண்டப்படுவது.

எம்மிடம் பயிலும் மாணவர் சிலர் இவ்வாராய்ச்சியில் இறங்கினர். உணவு நன்றா, அறை துப்புரவா, பணியாளர் அன்பானவரா என வினாக்கள் எழுதி, இல்லமொன்றில் உறவினரை வைத்திருக்கும் குடும்பங்களிடம் கொடுத்தனர். வந்த விடைகள் யாவும் 'ஆம்' என்பனவே. மாணவர் மகிழ்ந்தனர். நாம் மகிழவில்லை. அவ்விடைகளுள் ஒன்று எம்முடையது.

எமது பெரிய தாயார் அங்கே இருக்கிறார். ஒருநாள் நாம் சென்றபோது தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தோம், ஒரே மூச்சிற் குடித்து முடித்தார். பொறுப்பாளரிடம் நாம் ஒன்றுங் கூறவில்லை. கூறினால், நாம் வீடு திரும்பியபின் அச்சினம் அவர்மீது பாயுமோ என்ற அச்சம் ஒன்று. வீட்டில் வைத்துப் பார்க்காத எமக்குக் குறைகூற என்ன உரிமை என்ற கூச்சம் மற்றொன்று. இவ்விரண்டுமே எம் கையைப் பிடித்து 'ஆம்' என்று எழுதுவித்தன.

இது எமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவிலே, முதியோர் இல்லங்களில் உள்ளாரின் குடும்பத்தினரிடம் கேட்பதற்கென அரசு நிறுவனம் ஒன்று வினாக்கொத்து ஆக்கியுள்ளது. அது கருத்தோடு நில்லாது, கண்டதையுங் கேட்கிறது. கடந்த 6 மாதங்களில் உம்மவருக்கு நீரே உணவூட்ட அல்லது நீர் பருக உதவினீரா? பணியாளர் வாராமையாலோ தாமதித்தமையாலோ அவ்வாறு செய்தீரா? உம்மவரை வருத்துவார்களோ என்றஞ்சி ஏதேனும் குறையைச் சொல்லாது விட்டீரா? இவ்வகை வினாக்களுக்கு முகத்துதியாக விடை எழுதுதல் எளிதன்று.

நம்மூருக்கு ஏற்பச் சில சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை மட்டும் செல்பவர் காண்பது ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே. ஆகவே எந்த நாளில், எந்த நேரத்திற் கண்டார் என்பதையுங் கேட்க வேண்டும். தாளிற் பெயர் வேண்டா. அதனை இல்லத்தார் சேகரித்தலும் ஆகாது. உறவினரை இழந்துவிட்ட குடும்பங்களையும் கேட்க வேண்டும். அவர்களுக்கு அந்த அச்சம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசக்கூடிய முதியவரைத் தனியே கேட்க வேண்டும். செம்பு எட்டுகிறதா என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என விதிக்கிறது. இல்லத்தில் விட்டபின் கேளாதிருப்பதும் ஒருவகைக் கைவிடலே என்பது எமது எண்ணம்.

சென்ற வாரம் பொறுப்பாளரிடம் செம்பைப் பற்றிச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. இரவிலே மாடி முழுவதற்கும் பணியாளர் ஒருவரே உள்ளார் என்றும், இதனை யாரேனும் எழுதித் தந்தால் நிருவாகத்திடம் காட்டி இன்னொருவரைக் கேட்கலாம் என்றும் சொன்னார். எமது 'ஆம்' பெரிய தாயாருக்கு மட்டுமன்றி அவருக்கும் தீங்கு செய்திருந்தது. மாணவர் இப்போது வினாக்களைத் திருத்துகின்றனர். நாம் எமது விடையைத் திருத்திக் கொடுத்துவிட்டோம்.