எந்த கோட்டா என்று கேட்காதீர்கள்



அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனாலும் தமிழ் வழியில் படித்த கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அனாட்டமி வகுப்பில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடுமாறும்போது, 'நமக்கு இது லாயக்கில்லையோ' என்று குன்றிப்போகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க வீட்டிலேயே ஆள் உண்டு, இதற்கு இல்லை. மற்றபடி அறிவில் என்ன குறை? பல்கலைக்கழகத் தேர்வு இருவருக்கும் ஒன்றுதானே! வார்டில் ஒரு பாட்டி 'நெஞ்சு கரிக்குதும்மா' என்றால் இந்தப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

டாக்டர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனியர்களிடம் "எந்த கோட்டா, நீட் மார்க் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். உங்கள் பழைய புத்தகங்களைக் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.