பழைய கலமும் மந்தச் சந்தையும்



நாம் வீடு கட்டி வாழும் சால்ட் லேக், முன்னாளில் மீன்படகுகள் உலவிய உவர்நீர்ப் பரப்பு. 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி அதனை மேடாக்கினர். படகுகள் மறைந்தன, எனினும் பழைய படகை விற்பவனுக்கு நேரும் கவலை இங்கே மறையவில்லை. மாற்றலாகிச் செல்லும் நம் குடும்பங்கள், காரையும் கட்டிலையும் வாங்குவாரின்றித் தவிப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். இதற்குப் படகுச் சந்தை நல்லதொரு பாடம் புகட்டும்.

உல்லாசப் படகு எல்லார்க்கும் வேண்டுவதன்று; ஆகவே பணமுடை வந்த காலத்தில் அதன் சந்தையே முதலில் மந்தமாகும். வீடு பூட்டிக் கிடந்தாலும் மனையின் மதிப்பு நிற்கும். கலமோ கட்டிக் கிடந்தால் அடிப்பலகை உளுக்கும், பாய் நைந்துபோகும், இயந்திரம் துருவேறும். நிறுத்துமிடத்துக்கு வாடகையும் கொடுத்தாக வேண்டும். நல்ல விலைக்குக் காத்திருப்பவன், காத்திருப்பதற்கும் விலை கொடுக்கிறான்!

வாங்குவோன் நிலை வேறு. அவனுக்கு அவசரமில்லை. கலத்தைக் கரையேற்றி அடிப்பகுதியைக் காண்பான். தேர்ந்தவரைக் கொண்டு பலகையைத் தட்டிப் பார்ப்பான். கடலில் ஓட்டிப் பார்த்த பின்னரே பேரம் பேசுவான். அவ்வாறு செய்தல் அறிவுடைமையே.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் கலத்தின் வரலாறு ஈண்டு நினைக்கத் தக்கது. நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல் வாணிகம் மெலிந்த காலம் அது. சரக்கு ஏற்றிவந்த அக்கலத்தை வாங்கியவர் வணிகரல்லர். சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். தம் மனைவியின் பெயரால் அதற்கு ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றினார். 1937-இல் புறப்பட்ட அக்கலம், வல்வை மாலுமிகளால் செலுத்தப்பெற்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறையை அடைந்தது. உள்ளூர்ச் சந்தை ஒதுக்கிய பொருளுக்கு, அதன் அருமை அறிந்தவன் கடல்கடந்து வந்தான். பெருங்கடல் தாண்டும் உறுதி அதனிடம் இருந்தமையால் அன்றோ அது கைகூடிற்று?

ஆகவே விற்போர் மூன்றினை மறவாதிருத்தல் நலம். முதலாவது, விற்கும் நாள்வரை பொருளைப் பேணுக. இரண்டாவது, அதனைத் தேடுவோர் எவரென எண்ணி அவரிடம் செய்தி சேர்ப்பிக்க. தெருவில் அனைவரிடமும் கூறிப் பயனில்லை. மூன்றாவது, காத்திருப்பின் மாதச் செலவைக் கணக்கிட்டு, அது விலையேற்றத்தை விழுங்குமாயின் வந்த விலைக்குக் கொடுத்துவிடுக.

பணம் பெற்றதும் பத்திரத்தை மறத்தல் கூடாது. காரை விற்ற பின்னும் பதிவு நம் பெயரிலேயே இருப்பின், விபத்தின் பொறுப்பு நம்மையே தேடிவரும்.

வாங்கிய விலையை நினைந்து வருந்துவதால் இன்றைய விலை உயராது. உழைத்த பொருளை உரியவர் கையில் சேர்த்து, மனநிறைவோடு பயணம் புறப்படுக.